நோயற்ற கால்நடையும் மருந்துக்கு அடங்காக் கிருமியும்

மாடு தீவனம் தின்கிறது, அசை போடுகிறது, மூக்கு நுனியில் நீர் அரும்பி நிற்கிறது, சாணம் பதமாக விழுகிறது. ஆகையால் அதற்கு யாதொரு வியாதியுமில்லை என்று குடியானவர் தீர்மானிப்பது வழக்கம். அத்தீர்மானம் பெரும்பாலும் சரியானதே. தலைமுறை தலைமுறையாகக் கால்நடைகளோடு பழகி வந்தவர்களின் கண்ணை எந்தக் கருவியும் எளிதில் வென்றுவிட முடியாது. ஆயினும் அக்கண் மாட்டைப் பார்க்கின்றதேயன்றி, மாட்டின் குடலிலும் மடிக்காம்பிலும் நாசியிலும் குடியிருப்பவற்றைப் பார்ப்பதில்லை. மாட்டுக்கு வியாதியில்லை என்பது ஒன்று. மாட்டினிடத்தில் வியாதிக் கிருமி இல்லை என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதனால் விளையும் கேட்டைக் குறித்துத் தம்மம்பட்டிப் பிரதேசத்துக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் சற்று நிதானமாக யோசிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

வியாதியின்றிக் கிருமியைச் சுமப்பது கால்நடைகளுக்கு மட்டும் உரிய தன்மையன்று. 1907ஆம் வருஷம் வரையில் அமெரிக்காவின் நியூயார்க் பிரதேசத்தில் மேரி மாலன் என்ற சமையற்காரி வேலை செய்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக டைபாய்டு ஜுரம் கண்டது. அவளோ திடகாத்திரமாயிருந்தாள், தனக்கு வியாதி கண்டதேயில்லை என்று சாதித்தாள். சோதித்தபோது அவள் உடலில் அந்த ஜுரக்கிருமி இருப்பது தெரியவந்தது. முட்டையிடும் கோழியும் அவ்வாறே. சால்மொனெல்லா என்ற கிருமியின் ஒரு வகை கோழியின் கருப்பையிலேயே தங்கியிருந்து, ஓட்டுக்குள் முட்டை உருவாகும்போதே அதனுள் புகுந்துவிடும். கோழி வழக்கம்போல் இரை பொறுக்கிக்கொண்டு திரியும். மாட்டின் குடலில் வாழும் ஈ கோலி என்னும் கிருமியில் ஒருவகை கொடிய நஞ்சைச் சுரப்பது. 1982ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சியைத் தின்றவர்களுக்கு இரத்தக் கழிச்சல் உண்டானபோது அது முதன்முதலாக வெளிப்பட்டது. சிறு குழந்தைகளின் மூத்திரக் காய்களையே அது கெடுத்துவிட வல்லது. எனினும் அந்நஞ்சு பற்றிக்கொள்வதற்குரிய இடம் மாட்டின் இரத்தக்குழாய்களில் இல்லாமையால், மாடு யாதொரு வருத்தமுமின்றி அதைச் சாணத்தில் வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பசுவின்மீது குற்றம் கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பசுவுக்குத் தெரியாதது பசுவை வளர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லப்படுகிறது.

இம்மட்டோடு நின்றிருந்தால் கவலை அதிகமில்லை. கிருமி பிடித்தவருக்கு மருந்து கொடுத்தால் குணமாகும் என்ற தைரியம் இருந்தது. அந்தத் தைரியந்தான் இப்போது குறைந்து வருகிறது. ஆண்டிபயாடிக் என்று சொல்லப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் உலகமெங்கும் பெருகிவிட்டன. 2019ஆம் வருஷத்தில் மட்டும் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இவ்வகைக் கிருமிகளின் நேரான விளைவாக மாண்டார்கள் என்று 2022ஆம் வருஷத்தில் வெளியான ஒரு பெரிய கணக்கு கூறுகிறது. அக்கிருமிகள் எல்லாம் கால்நடைகளிடமிருந்து வந்தவையல்ல. ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் மனிதர்களுக்கு வரைமுறையின்றி மருந்து வழங்கியதனால் தோன்றியவை ஏராளம். ஆனால் தொழுவமும் கோழிக்கொட்டகையும் தம் பங்கைச் செலுத்தி வருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

கிருமி எவ்வாறு மருந்துக்கு அடங்காமற் போகிறது என்பதைப் பருத்தி பயிரிட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே மருந்தை வருஷந்தோறும் தெளித்த கொல்லையில் காய்ப்புழு முதலில் செத்தது. பிறகு பாதி செத்தது. பிறகு மருந்துநீரில் குளித்து எழுந்ததுபோல் காயைத் துளைத்தது. புழுவுக்கு மருந்து பழகிவிட்டது என்று ஜனங்கள் சொல்வார்கள். உண்மையில் எந்தப் புழுவும் பழகவில்லை. ஆயிரத்தில் ஒன்றாக முன்னமே தாங்கும் சக்தியோடு பிறந்த புழு மட்டும் பிழைத்து, அதன் சந்ததியே கொல்லையை நிரப்பியது. கிருமியின் கதையும் இதுவே. இரண்டு வித்தியாசங்கள் மட்டும் உண்டு. புழுவுக்கு ஒரு தலைமுறை முடிய ஒரு மாதமாகலாம். ஈ கோலிக் கிருமிக்கு நல்ல சூழ்நிலையில் 20 நிமிஷம் போதும். மற்ற வித்தியாசம் இதைவிட விபரீதமானது. புழு தன் சக்தியைத் தன் சந்ததிக்குத்தான் கொடுக்க முடியும். கிருமியோ பக்கத்திலுள்ள வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடும். வயிற்றுக்கடுப்புக் கிருமிக்கும் குடலில் தீங்கின்றி வாழும் கிருமிக்கும் இடையே இந்தப் பரிமாற்றம் நடைபெறுவதை 1959ஆம் வருஷத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பிளாஸ்மிட் என்று இப்போது அழைக்கப்படும் ஒரு சிறு வளையத்தில் இச்சக்தி அடங்கியிருக்கிறது. ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளைத் தாங்கும் சக்தியும் சேர்ந்திருக்கக்கூடும். சில சமயங்களில் வியாதியை உண்டாக்கும் சக்தியும் அதனோடு ஒட்டியிருக்கும்.

ஆகவே நோயற்ற மாட்டின் குடலில் சாதுவாக வாழும் கிருமியும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. அது தானே வியாதி செய்யாவிட்டாலும், வியாதி செய்யும் கிருமிக்குக் கவசம் வழங்கும் பட்டறையாக இருக்கலாம். அன்றியும், குடலில் சாதுவாயிருந்த ஈ கோலியே மூத்திரப்பையையோ இரத்தத்தையோ அடைந்தால் அங்கே சத்துருவாகிவிடும். பிரசவித்த பெண்களுக்கும், நீரிழிவுள்ளவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் குழாய் பொருத்தப்பட்ட முதியவர்களுக்கும் இவ்வாறு நேர்வது அபூர்வமன்று.

தொழுவத்திலிருந்து வீட்டுக்குள் கிருமி வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனையை விரிவாகக் கூறுவது நலம். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற வைத்தியர் ஒரு சிறு பண்ணையில் 300 கோழிக்குஞ்சுகளை வைத்து, பாதிக்குச் சாதாரணத் தீவனமும், மற்றப் பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்தைச் சிறிதளவு கலந்த தீவனமும் கொடுத்துவரச் செய்தார். குஞ்சுகளில் எதற்கும் வியாதியில்லை. அவை வேகமாக வளர்வதற்காக அக்காலத்தில் எல்லோரும் கலந்துவந்த அளவே கலக்கப்பட்டது. இரண்டொரு நாட்களுக்குள் மருந்து தின்ற குஞ்சுகளின் எச்சத்தில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிகுந்துவிட்டன. சில வாரங்களில், கொடுக்கப்படாத வேறு மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் தோன்றின. ஐந்தாறு மாதங்களில் அந்தப் பண்ணைக் குடும்பத்தாரின் மலத்திலேயே அவை காணப்பட்டன. அவர்களில் ஒருவரும் அம்மருந்தை உட்கொண்டவரல்லர். வாரந்தோறும் எடுத்த மாதிரிகளில், குடல் கிருமிகளில் பெரும்பகுதி மருந்துக்கு அடங்காதிருந்தவை அக்குடும்பத்தில் நூற்றுக்கு 31. அக்கம்பக்கத்து வீட்டார்களிடத்தில் நூற்றுக்கு 7க்கும் குறைவு. இச்சோதனை 1976ஆம் வருஷத்தில் வெளியிடப்பட்டது. கோழியை அறுக்கவுமில்லை, யாருக்கும் வியாதி காணவுமில்லை; தீவனத்தை அள்ளிப்போட்டதும், கொட்டகையைக் கூட்டியதும், அதே கையோடு வீட்டிற்குள் வந்ததுமே போதுமானதாயிருந்தது.

இனி இவ்விஷயத்தைச் சுவேத நதிக் கரைக்குக் கொண்டுவருவோர்க்குப் புலப்படுவது யாது? கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட இப்பிரதேசத்தில் மரவள்ளி, மஞ்சள், பாக்கு, மக்காச்சோளம் ஆகிய பயிர்களோடு இரண்டு கறவை மாடும் நாலைந்து ஆடும் இல்லாத குடும்பம் அரிது. மேற்கே நாமக்கல்லைச் சுற்றிலும் இந்தியாவிலேயே பெரிய முட்டைக்கோழிப் பண்ணைகள் அமைந்திருக்கின்றன. கால்நடைகள் வீரகனூர்ச் சந்தை வழியாகக் கைமாறுகின்றன; கோழி எரு லாரி லாரியாக மரவள்ளிக் கொல்லைகளுக்கு வருகிறது. ஓரிடத்தில் தோன்றிய கிருமி இங்கே வேலி தாண்ட வேண்டியதேயில்லை, வண்டியேறியே வந்துவிடும்.

கறவை மாட்டில் மருந்து மிகுதியாக வழங்குவது மடிவீக்கத்துக்கு. காம்பில் மருந்துக்குழலைச் செலுத்துவதும் ஊசி போடுவதும் சாதாரணமாகிவிட்டன. இதில் நடைபெறும் தவறுகள் கெட்ட எண்ணத்தால் விளைபவையல்ல, சிக்கனத்தால் விளைபவை. கால்நடை வைத்தியர் 3 நாளைக்குக் கொடுத்த மருந்தை, வீக்கம் வற்றியதைக் கண்டு 1 நாளோடு நிறுத்தி, மிச்சத்தை அடுத்த மாட்டுக்கென்று மாடத்தில் எடுத்து வைப்பார்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்று நிகழ்த்திய சொற்பொழிவிலேயே இத்தகைய அரைகுறை மருந்தின் அபாயத்தை எடுத்துக் காட்டினார். மருந்து பிறந்தபோதே எச்சரிக்கையும் பிறந்துவிட்டது; மருந்து மட்டும் கிராமம் வந்து சேர்ந்தது.

மற்றொரு சிக்கனம் இன்னும் நுட்பமானது. மருந்திட்ட மாட்டின் பால் தயிராக உறைவதில்லை என்பதைப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். உறை மோரில் உள்ள நற்கிருமிகளை அப்பாலில் தங்கியுள்ள மருந்து கொன்றுவிடுவதே அதற்குக் காரணம். தயிராகாத பாலைக் கொட்ட மனம் வராமல் கன்றுக்கு விட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு அது புண்ணியமே. ஆனால் மோர்க் கிருமியைக் கொன்ற அதே மருந்து கன்றின் குடலில் நாள்தோறும் சிறுகச் சிறுகச் சென்று, அங்குள்ள சாதுவான கிருமிகளை அழித்து, அடங்காத கிருமிகளைப் பொறுக்கி வளர்க்கிறது. துள்ளிக்குதிக்கும் அக்கன்றைவிட ஆரோக்கியமான பிராணியைத் தொழுவத்தில் காட்ட முடியாது. அக்கிருமிகளுக்கு அதைவிடச் சிறந்த விளைநிலத்தையும் காட்ட முடியாது. அப்பாலைக் குழிவெட்டி ஊற்றி மண்ணால் மூடுவதே சரியானது. இதைச் சொன்னால் சிரிப்பவர் உண்டு. லிட்டருக்கு இன்ன விலை என்று கணக்கிட்டுச் சிரிப்பவர்கள், அக்கன்று கழிந்து கிடக்கும்போது எந்த மருந்தும் பிடிக்காமற்போனால் ஆகும் நஷ்டத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நியாயம்.

கோழிப் பண்ணைகளின் விஷயம் வேறு. அங்கே மருந்து வியாதிக்காகக் கொடுக்கப்படுவது ஒரு பாகம். வியாதி வந்துவிடுமோ என்ற பயத்தினாலும், தீவனம் உடலில் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்ற ஆசையினாலும் கொடுக்கப்படுவது மறுபாகம். வெயிற்காலம் வந்தால் தண்ணீரில் ஒரு பொட்டலம். அலகு வெட்டினால் ஒரு பொட்டலம். குஞ்சு வந்திறங்கினால் ஒரு பொட்டலம். இவ்வழக்கம் தமிழ்நாட்டுக் குடியானவர் கண்டுபிடித்ததன்று. 1940களின் இறுதியில் அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள், ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய கசடைத் தின்ற குஞ்சுகள் கனத்து வளர்வதைக் கண்டது முதல் உலகமெங்கும் பரவியதே இது. பிரிட்டனில் 1969ஆம் வருஷத்திலேயே ஸ்வான் கமிட்டி, மனிதர் வைத்தியத்துக்கு வேண்டிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கலாகாதென்று சிபார்சு செய்தது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2006ஆம் வருஷம் ஜனவரி 1ந் தேதி முதல் வளர்ச்சிக்காக ஆண்டிபயாடிக் கலப்பதை அறவே நிறுத்தியது.

கொலிஸ்டின் என்ற மருந்தின் சரித்திரம் இப்பிரதேசத்தார் விசேஷமாக அறியவேண்டியது. மூத்திரக் காய்களைக் கெடுக்கிறதென்று மனித வைத்தியர்கள் அதைப் பல வருஷங்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒதுக்கப்பட்ட அம்மருந்தைக் கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள், விலை மலிவு. பின்னர் மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, உயிருக்கு மன்றாடும் நோயாளிகளுக்குக் கடைசிப் புகலிடமாக அதே கொலிஸ்டினை வைத்தியர்கள் தேடி வந்தார்கள். அதற்குள் கதவு திறந்துவிட்டது. 2015ஆம் வருஷம் நவம்பரில், சீன தேசத்தின் பன்றிகளிலும் இறைச்சியிலும் சில நோயாளிகளிடத்திலும் கொலிஸ்டினைத் தாங்கும் சக்தி பிளாஸ்மிட் வளையத்தில் அமைந்து, கிருமிக்குக் கிருமி தாவிக்கொண்டிருப்பதாகச் செய்தி வெளியாயிற்று. சீனா 2017இல் அதைத் தீவனத்தில் கலப்பதைத் தடுத்தது. இந்திய ஸர்க்கார் 2019ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் தீவனங்களுக்கும் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் வழங்குவதையும் தடை செய்தது. இத்தடை நன்மையானது என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு பெயரைத் தடுத்துவிட்டால் மற்றொரு பெயருள்ள பொட்டலம் அதனிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதை எந்தக் கெஜட்டும் தானாகத் தடுத்துவிடாது.

கோழிகளின் நிலைமையைக் காட்டும் கணக்கு ஒன்று பஞ்சாபிலிருந்து கிடைத்திருக்கிறது. அங்கே 18 பண்ணைகளில் 530 கோழிகளைச் சோதித்து 2017ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். பல உயர்ந்த மருந்துகளை ஒரே வீச்சில் முறிக்கக்கூடிய பொருளைச் சுரக்கும் கிருமிகள், கறிக்கோழிப் பண்ணைகளிலிருந்து எடுத்த கிருமிகளில் நூற்றுக்கு 87. முட்டைக்கோழிப் பண்ணைகளில் நூற்றுக்கு 42. முட்டைக்கோழி நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று நாமக்கல்லார் திருப்தியடையலாம். நூற்றுக்கு 42 என்பது திருப்தியடையத்தக்க எண்தானா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இதற்கெல்லாம் குடியானவர்கள் கூறும் ஆட்சேபணைகளை அலட்சியம் செய்வது மரியாதையன்று. வேகவைத்தால் கிருமி செத்துவிடுகிறதே என்பது முதலாவது. செத்துவிடுகிறது, நன்றாக அவித்த முட்டையும் காய்ச்சிய பாலும் பயமின்றி உண்ணத்தக்கவை. முட்டையைக் கண்டு அஞ்சி, சத்துணவுக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது மூடத்தனம். ஆனால் கிருமி அடுப்பு வழியாக மட்டும் பிரயாணம் செய்வதில்லை. கறவைக்காரர் கையும், ஈயும், கிணற்றோரத்து எருக்குழியும், மழைநீரும் அதற்குப் பாதைகள். தவிரவும், கிருமியைக் கொல்லும் அடுப்பு, பாலிலும் முட்டையிலும் தங்கிய மருந்து முழுவதையும் அழித்துவிடுவதில்லை.

மருந்தை நிறுத்தினால் கோழி சாகும், மாடு கறவை குறையும் என்பது இரண்டாவது. வியாதிக்கு மருந்து கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. வலியில் துடிக்கும் பிராணிக்கு மருந்தை மறுப்பது பாவம். வியாதியில்லாததற்கு மருந்து எதற்கு என்பதே கேள்வி. பெரும்பாலும் அம்மருந்து மூடிமறைப்பது கொட்டகையின் குறையைத்தான். நெருக்கமும், ஈரமும், காற்றோட்டக் குறைவும், பாசிபிடித்த தண்ணீர்க் குழாயும் செய்யும் கெடுதியை மாதந்தோறும் பொட்டலம் வாங்கி ஈடுசெய்கிறார்கள். குழாயை ஒருமுறை கழுவும் கூலி அதைவிடக் குறைவு. தடுப்பூசியைக் காலத்தில் போட்ட கொட்டகைக்குப் பொட்டலம் பாதியாகக் குறைந்துபோவதை அனுபவசாலிகள் ஒப்புக்கொள்கிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபணைக்குப் பதில் கூறுவது கடினம். வைத்தியரைக் கேட்டு மருந்து கொடு என்கிறீர்களே, நள்ளிரவில் மடி கல்லாகி நிற்கும் மாட்டுக்கு எந்த வைத்தியர் வருவார் என்று கேட்கிறார்கள். மலையடிவாரத்துக் கிராமங்களில் இது வெறும் சாக்கன்று. மருந்துக் கடைக்காரர் அருகில் இருக்கிறார். வைத்தியர் தூரத்தில் இருக்கிறார். மாடு முன்னால் நிற்கிறது. இந்நிலையில் குடியானவரை மட்டும் கடிந்துகொள்ளும் பிரசங்கம் பிரயோஜனப்படாது. மருந்தைச் சீட்டின்றி விற்கலாகாதென்ற விதி எவ்வளவு அவசியமோ, சீட்டெழுதும் வைத்தியர் எட்டும் தூரத்தில் இருப்பதும் அவ்வளவு அவசியம். முதலாவதை வற்புறுத்துகிறவர்கள் இரண்டாவதையும் வற்புறுத்துவதே நேர்மை.

இடைக்காலத்தில் ஓர் உபாயமுண்டு. மடிவீக்கத்தின் ஆரம்பத்தில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, மடியைக் கழுவிப் பாலை முற்றக் கறந்துவிட்டு, அவ்விழுதைத் தண்ணீரில் கரைத்து நாளைக்குப் பலமுறை மேலே பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து பரப்பினார்கள். தேசியப் பால்வள வாரியமும் அதைக் கைக்கொண்டிருக்கிறது. மஞ்சள் விளையும் ஊரில் மஞ்சளுக்கா பஞ்சம்? ஆனால் மாட்டுக்கு ஜுரம் கண்டு தீவனம் ஒதுக்கினால் கற்றாழையை நம்பிக் காத்திருப்பது தவறு. அப்போது வைத்தியர்தான் வேண்டும், அவர் எவ்வளவு தூரத்தில் இருந்தபோதிலும்.

இவ்வளவும் செய்து பலன் உண்டா, பரவியது பரவியதுதானே என்று மனந்தளர்பவர்களுக்கு டென்மார்க் தேசத்து அனுபவம் உதவும். அங்கே அவோபார்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். அதனால் மனிதர் வைத்தியத்துக்கு மிக வேண்டியதான வான்கோமைசினுக்கு அடங்காத ஒருவகைக் குடல் கிருமி கோழிகளில் மிகுந்தது. 1995இல் அவோபார்சினை நிறுத்தினார்கள். அந்த வருஷத்தில் கோழிகளிலிருந்து எடுத்த அவ்வகைக் கிருமிகளில் நூற்றுக்கு 72.7 அடங்காதவையாயிருந்தன, 2000ஆம் வருஷத்தில் அது 5.8 ஆகக் குறைந்தது. பன்றிகளிலோ அவோபார்சினை நிறுத்தியும் யாதொரு குறைவும் காணவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, பன்றிக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்தைக் கொடுத்துவந்ததும், இரண்டு மருந்துகளையும் தாங்கும் சக்திகள் ஒரே பிளாஸ்மிட்டில் முடிச்சிடப்பட்டிருந்ததும் தெரிந்தது. டைலோசின் போட்டவரை அம்முடிச்சு அவிழவில்லை. 1998இல் வளர்ச்சிக்காக டைலோசின் கொடுப்பதையும் விட்டபின்புதான் பன்றிகளிலும் குறையத் தொடங்கிற்று. சீனத்திலும் கொலிஸ்டின் தடைக்குப் பிறகு பன்றி, கோழி, மனிதர் ஆகிய மூவரிடத்திலும் அடங்காக் கிருமி குறைந்ததென்று 2020இல் அறிவித்தார்கள். ஒரு மருந்தின் பெயரைமட்டும் மாற்றி வழங்குவதால் பயனில்லை என்பதற்கு டென்மார்க்குப் பன்றியைவிட நல்ல சாட்சி கிடையாது.

எருவைப் பற்றிச் சில வார்த்தைகள். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளில் பெரும்பகுதி பிராணியின் உடலில் மாறாமலே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியாகிவிடும். பச்சைக் கோழி எருவை லாரியிலிருந்து இறக்கியவுடன் கொல்லையில் இறைப்பவர்கள் உரத்தோடு மருந்தையும் கிருமியையும் இறைக்கிறார்கள். அதைக் குவித்து, ஈரம் காத்து, கை வைக்கமுடியாத சூடு உண்டாகும்படி செய்து, இரண்டு மூன்று முறை புரட்டி மக்கவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் அழிகின்றன. மருந்திலும் கணிசமான பாகம் சிதைகிறது. முழுவதும் சிதைந்துவிடும் என்று கூறுவது மிகைப்படுத்துவதாகும். மக்கிய எருவே பயிருக்கும் உகந்ததென்பது பழைய செய்தி. புதிய காரணம் ஒன்று அதற்குக் கிடைத்திருக்கிறது. சாணம் தெளிப்பதையும் மெழுகுவதையும் இதன்பொருட்டு விட்டுவிடச் சொல்வது அதிகப்படியான பேச்சு. மெழுகிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்குச் சோறூட்டுவதையே விடவேண்டும்.

கிராம அதிகாரிகள் இதில் செய்யக்கூடியது அவர்கள் நினைப்பதைவிட அதிகம். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விற்கலாகாதென்பதை மருந்துப் புட்டியின்மேல் அச்சிட வேண்டுமென்று 2012ஆம் வருஷத்து விதி கூறுகிறது. அவ்வாறு குறிப்பிடாத மருந்துக்குப் பாலும் முட்டையும் குறைந்தது 7 நாள், இறைச்சி குறைந்தது 28 நாள். இந்த 7, 28 என்ற இரண்டு எண்களை அறிந்த குடியானவர் ஒரு கிராமத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? சுற்றுப்புற ஊராட்சிகளின் கிராம சபைக் கூட்டங்களில் தெருவிளக்கையும் குடிநீரையும் பேசி முடித்தபின் இதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குவது கஷ்டமன்று. கொட்டகை வாசலிலும் தொழுவத்துச் சுவரிலும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைத் தொங்கவிட்டு, எந்தப் பிராணிக்கு, எந்த மருந்து, எந்தத் தேதியில், யார் சொல்லி என்று எழுதி வருமாறு தூண்டலாம். எழுதத் தொடங்கிய பண்ணைக்காரர், காரணமென்று எழுத ஒன்றும் அகப்படாத பொட்டலங்கள் எத்தனை என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

ஒரு நியாயத்தையும் இங்கே மறைக்கலாகாது. மருந்தில்லாமல் வளர்த்த கோழியின் முட்டைக்கு வியாபாரி அதிகமாக ஒரு காசும் தருவதில்லை. 7 நாள் பாலைக் கொட்டியவருக்கும், கொட்டாமல் அடுத்த வீட்டுப் பாலோடு கலந்து ஊற்றியவருக்கும் சங்கத்தில் ஒரே விலை. யோக்கியமாக நடப்பவர் நஷ்டமடைவதும், அல்லாதவர் லாபமடைவதும் நீடிக்கும்வரை புத்திமதி மட்டும் போதாது; வாங்குமிடத்தில் சோதனை வேண்டும். பாலில் மருந்து தங்கியிருப்பதைக் காட்டும் கருவிகள் பெரிய பால் நிலையங்களில் உண்டு. அவை கிராமச் சங்கத்துக்கு வரும்வரை, சந்தேகமுள்ள பாலில் ஒரு குவளையையும், நல்ல பாலில் ஒரு குவளையையும் காய்ச்சி ஆறவைத்து, ஒரே மோரில் ஒரே அளவாக உறை ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, இரவு முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம். சொற்பமாய்த் தங்கிய மருந்தை இது காட்டாது. முதல் நாள் காம்பில் மருந்திட்டதை அநேகமாகக் காட்டிவிடும். காலையில் சங்கத்துக்கு வருகிறவர்கள் இரண்டு குவளைகளையும் சாய்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.